இறையிலிக் கூடத்தார் இயல்

பாயிரம்

நுழைவுச்சீட்டு இல்லாத சிறு கலைக்கூடங்களுக்கு வருவோர் எத்தனை வகையினர் என்பதை ஆராய்வது இவ்வியல். இப்பொருள் பற்றி யாம் கண்டவரை நூலொன்றும் எழவில்லை. புலவர்கள் அத்தகைய கூடங்களுக்குப் போவதில்லை. போன சிலரும் காப்பி விற்கும் மூலையிலேயே தங்கிவிடுகிறார்கள்.

முதலில் எல்லை. லூவ்ர் போன்ற பேரரங்குகளை விலக்கினோம். அங்கே போகிறவர் எதற்குப் போகிறார் என்பதில் ஐயமே இல்லை. போய்வந்தேன் என்று சொல்வதற்கு. காசு கொடுத்தவர் கொடுத்ததை வசூலிக்காமல் விடமாட்டார். கால் வீங்கினாலும் எகிப்து அறை வரை நடந்தே தீருவார். அவர் நடையைச் சீட்டே தீர்மானித்துவிடுவதால் ஆய்வாளனுக்கு அங்கே வேலையில்லை. ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டலம் ஓவியர்களே கூடி 1966இல் உண்டாக்கிய சிற்றூர். சிறுமையாலும் செம்மையாலும் இவ்வியலுக்குள் வர முழுத் தகுதி உடையது. ஆனால் அங்குள்ள அருங்காட்சியகத்துக்குச் சிறு தொகைக்கேனும் ஒரு சீட்டுக் கிழிக்கிறார்கள். வருத்தத்தோடு அதையும் விலக்கினோம்.

சென்னை கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதெமியில் சீட்டில்லை. ஆனால் அங்கே தொடக்க நாளில் வருவோர் பெரும்பாலும் ஓவியரின் உறவினரும், ஓவியருக்குப் போட்டியான ஓவியரும். குத்துவிளக்கு ஏற்றி முடிந்ததும் சுவரைப் பார்ப்பவர் குறைந்து தட்டைப் பார்ப்பவர் பெருகுவர். அது கல்யாணவியலில் அடங்கும்.

இனி, எதைக்கொண்டு வகுப்பது? வயது, பால், படிப்பு, அஞ்சல் குறியீடு இவற்றால் வகுப்பாரும் உளர். மானியம் கேட்டு விண்ணப்பிக்க அது உதவும், அறிவுக்கு உதவாது. யாம் கண்ட முறை வேறு. வாயிலில் காசு வாங்காத இடத்தில், உள்ளே வந்தவருக்கு ஒரு சிறு கடன் உணர்ச்சி தட்டுகிறது. கேட்காமலே ஒன்று கிடைத்துவிட்டது. அதை எப்படியாவது தீர்த்துவிட்டுப் போக வேண்டும். சிலர் நேரத்தால் தீர்ப்பர், சிலர் பாவனையால், சிலர் குறைகூறலால், சிலர் ஓர் அஞ்சலட்டை வாங்கி. அந்தத் தீர்வை எதுவோ அதுவே வகை.

நிலம்

நிலமின்றி ஒழுக்கம் இல்லை. ஆதலின் ஒரு நிலத்தைத் தேர்ந்தோம்: அமெரிக்காவின் சியாட்டில் நகரில், ஃபர்ஸ்ட் ஹில் என்னும் மேட்டில் உள்ள ஃப்ரை கலைக்கூடம். 1952 பிப்ரவரி 8 அன்று திறந்தது. அன்றுமுதல் இன்றுவரை யாரிடமும் நுழைவுக்கட்டணம் வாங்கியதில்லை. இதன் கருப்பொருள் மழை, மருத்துவமனை, வாத்து. மழை ஊர் முழுமைக்கும் பொது. மருத்துவமனைகளோ அந்த மேட்டில் அவ்வளவு நெருக்கம்; ஊரார் அதற்கு ‘பில் ஹில்’, அதாவது மாத்திரை மேடு, என்றே பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். வாத்து பின்னர் வரும்.

இக்கூடத்தின் முதற்பொருள் சார்லஸ் ஃப்ரை என்பவரும் அவர் மனைவி எம்மாவும். சார்லஸ் இறைச்சி பதனிடும் ஆலை வைத்துப் பெரும்பணம் சேர்த்தவர். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் ஓவியங்களைக் கண்டு இருவருக்கும் பித்துப் பிடித்தது. அதன்பின் ஜெர்மானிய ஓவியங்களாக வாங்கி வீட்டுச் சுவரில் கீழிருந்து மேல்வரை மாட்டினார்கள். பிள்ளைகள் இல்லை. எம்மா 1934இலும் சார்லஸ் 1940இலும் காலமானபோது 232 ஓவியங்கள் இருந்தன; கூடவே ஓர் உயிலும் இருந்தது. ஓவியங்களை ஊருக்கு இலவசமாகக் காட்ட வேண்டும் என்பது அதன் முக்கிய நிபந்தனை. நகரத்தின் பெரிய கலைக்கூடம் உயிலின் நிபந்தனைகளோடு அவற்றை ஏற்க முன்வரவில்லை. ஆகவே தனியே ஒரு கூடம் எழுந்தது. நாளெல்லாம் மாட்டை வெட்டிப் பெட்டியில் அடைத்தவர், மாலையில் வீட்டுக்கு வந்து புல்மேயும் மாட்டை எண்ணெய் வண்ணத்தில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதற்கு உரை எழுத எமக்குத் துணிவில்லை.

வகை

மழையொதுங்கியர் என்பார் முதல்வகை. இவர்கள் உள்ளே வரும்போது ஓவியத்தைப் பார்ப்பதில்லை, தரையைப் பார்ப்பர். தம் செருப்பின் ஈரம் எங்கே படுகிறது என்ற கவலை. கதவு தெரியும் தூரத்தில் உள்ள இரண்டு மூன்று ஓவியங்களை இவர்கள் அறிந்த அளவுக்கு நிபுணரும் அறியார். மழை விடும்வரை வேறெங்கும் நகர்வதில்லை அல்லவா? சியாட்டில்வாசி தூறலுக்குக் குடை பிடிப்பதைக் கௌரவக் குறைவாக நினைப்பவர். ஆகவே அங்கே குடையோடு மழைக்கு ஒதுங்குபவர் வெளியூரார் என்று துணியலாம்; மடக்குக்குடையை பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கைப்பைக்குள் வைப்பவரானால் நம்மூரார் என்றே துணியலாம்.

பட்டயம் வாசிப்போர் இரண்டாம் வகை. ஓவியத்தின் பக்கத்தில் ஒட்டிய அட்டையை முதலில் படித்து, அதில் சொன்னது படத்தில் இருக்கிறதா என்று சரிபார்த்து, இருந்தால் திருப்தியோடு அடுத்த அட்டைக்குப் போவர். ஃப்ரையில் இவர்களுக்கு ஒரு சோதனை உண்டு. தம்பதியர் வீட்டில் இருந்தபடியே, சுவர் நிறைய நெருக்கி மாட்டிய அறை ஒன்று இருக்கிறது. சட்டகத்துக்கும் சட்டகத்துக்கும் நடுவே அட்டை ஒட்ட இடமேது? கைப்பிடி இல்லாத படிக்கட்டில் ஏறுபவரைப் போல இவர்கள் அந்த அறையில் திண்டாடுவதைக் கண்டிருக்கிறோம். ஒருசிலர் வேறு வழியின்றி ஓவியத்தைப் பார்த்துவிடுவதும் உண்டு.

பாவனையர் மூன்றாம் வகை. இவர்கள் கடனைக் காவலருக்குச் செலுத்துவோர். சிறு கூடத்தில் ஓர் அறைக்கு ஒரு காவலர், ஒரு வருகையாளர் என்று அமைந்துவிடும். காவலரின் வேலை நம்மைப் பார்ப்பது. நமக்கோ பார்க்கப்படுகிறோம் என்ற கூச்சம். உடனே தலை ஒருபக்கம் சாயும், கை பின்னால் கட்டிக்கொள்ளும், ஓர் அடி பின்வாங்கி மறுபடி ஓர் அடி முன்வந்து ‘ம்ம்’ என்று தொண்டையிலிருந்து ஓர் ஒலி எழும். கூட்டம் மொய்க்கும் அரங்கில் இந்த ஒலி எழுவதில்லை என்பதால், இது கலையால் விளைவதன்று, காவலரால் விளைவது என்க.

‘இதை நானே வரைவேன்’ என்போர் நான்காம் வகை. இவர்கள் குறைகூறலால் தீர்ப்பவர். ஓசியில் கண்டது ஒன்றும் பெரிதில்லை என்று நிறுவிவிட்டால் கடனும் இல்லையன்றோ? ஃப்ரை தம்பதியர் சேர்த்த அறைகளில் இவர்கள் வாயடைத்துப் போவர். அங்கே அலெக்ஸாண்டர் கோஸ்டர் வரைந்த வாத்துகள் இருக்கின்றன. இறகுதிர்க்கும் வாத்துக் கூட்டம், வெயில் விழும் வெள்ளை முதுகுகள். வாத்துகளை வரைந்தே பேர் வாங்கிய மனிதர் அவர். அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டு ‘நானே வரைவேன்’ என்று சொல்ல நாக்கு எழுவதில்லை. ஆனால் இதே கூடத்தில் சமகாலக் கலைஞர்களுக்கும் அறைகள் உண்டு. அங்கே நுழைந்ததும் இவர்களுக்குப் பேச்சு திரும்பிவிடும்.

பெற்றோர் வகை

இது விரிவாகச் சொல்லத்தக்கது. பெல்வியூ, ரெட்மண்ட், சமாமிஷ் ஆகிய புறநகர்களில் கணினி வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகள் பலர். அவர்களுடைய பெற்றோர் கோடையில் வந்து சில மாதம் தங்குவர். சனிக்கிழமை எங்காவது அழைத்துப் போக வேண்டும். அருவி பார்த்தாயிற்று, விமானத் தொழிற்சாலை பார்த்தாயிற்று, கோயிலுக்குப் போயாயிற்று. அப்போது மருமகள் கைப்பேசியில் தேடி இந்தக் கூடத்தைக் கண்டுபிடிப்பாள்.

காரிலேயே விசாரணை தொடங்கும்.

“டிக்கெட் எவ்வளவுப்பா?”

“ஃப்ரீம்மா.”

“அப்ப உள்ள ஒண்ணும் இருக்காது.”

இந்த முடிவை அம்மா மாற்றிக்கொள்வது மயிலின் முன்னால். ஜூலியஸ் ஷாய்ரர் என்பவர் வரைந்த மயில். 2014இல் இக்கூடத்தார் தம்மிடமுள்ள 232 ஓவியங்களையும் இணையத்தில் வைத்து, எதையெதை மாட்டலாம் என்று ஊரையே கேட்டார்கள். நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் தேர்ந்தெடுக்க முன்வந்தனர். கலை வரலாற்றில் பேர்போனது இக்கூடத்தில் ஃப்ரான்ஸ் ஃபான் ஷ்டுக் வரைந்த ‘பாவம்’. பாம்பு சுற்றிய பெண்ணுருவம். நிபுணர்கள் அதன் முன்னால்தான் நிற்பார்கள். ஆனால் ஊர் வாக்கில் முதலிடம் வந்தது மயில். இதில் அம்மாவுக்கு வியப்பில்லை. மயிலைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு, இடத்திலும் வலத்திலும் கண்ணோட்டி, “முருகனை விட்டுட்டானே” என்றார். பிழை ஓவியர்மேல்.

ஷ்டுக்கின் பாம்புப் பெண்ணை அப்பா கடந்த வேகம், அவர் கூடத்தில் வேறெங்கும் காட்டாத வேகம்.

மற்ற முகங்கள் அம்மாவுக்குப் பழக்கமானவையாகவே இருந்தன. ஒரு பெண்ணின் கன்னத்து ஒளியைக் காட்டி, “நம்ம காலண்டர்ல வருமே, அது மாதிரி” என்றார். மகன் சிரித்தான், சிரித்திருக்க வேண்டாம். ரவிவர்மா பழகியதும் ஐரோப்பியக் கல்விமுறை எண்ணெய் ஓவியமே. 1894இல் பம்பாயில் தொடங்கிய அவருடைய அச்சகத்தைப் பின்னர் விலைக்கு வாங்கி நடத்தியவர் ஃப்ரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர். அங்கிருந்து கிளம்பிய கன்னத்து ஒளி, கோவில்பட்டிக் கொண்டையராஜு கைபட்டுச் சிவகாசியில் அச்சாகி, நம் வீட்டுச் சுவர்களில் ஆண்டுதோறும் மாறி மாறித் தொங்கியது. இத்தனை தலைமுறை உறவை ஒரே பார்வையில் பிடித்தவர் அந்த அறையில் அம்மா ஒருவரே. அட்டையில் அது எழுதியிருக்கவில்லை.

அப்பா வருவாய்த் துறையில் இருந்து ஓய்வுபெற்றவர். அவர் ஓவியங்களை விட்டுக் கூரையைப் பார்த்தார், விளக்குகளை எண்ணினார், ஏசியின் சத்தத்தைக் கேட்டார்.

“கரண்ட் பில் யார் கட்றா?”

நூலின் நடுநாயகமான வினா இது. உயில் எழுதியவர் சொத்தும் விட்டுப் போயிருக்கிறார், அறக்கட்டளை இருக்கிறது, உறுப்பினர்களும் கொடையாளரும் இருக்கிறார்கள் என்று மகன் சொன்னான். “அப்படிச் சொல்லு, இறையிலி” என்றார் அப்பா. அவர் சொன்னது முற்றும் சரி. சோழர் காலக் கல்வெட்டுகளைப் பாருங்கள். கோயிலுக்கு நிலம் விடுபவர் ஊர்ச்சபையிடம் ஒரு தொகையை முன்கூட்டியே கட்டிவிடுவார்; அதன்பின் அந்த நிலத்துக்கு வர வேண்டிய வரியைச் சபையே ஏற்றுக்கொள்ளும். இறையிலி என்றால் இறையே இல்லாத நிலம் என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது வேறொருவர் முன்னமே இறுத்துவிட்ட நிலம். ஃப்ரையின் வாயிலில் நம்மிடம் காசு கேட்காததன் காரணம், ஒருவர் பன்றிக்கொழுப்பும் மாட்டிறைச்சியும் விற்று நம் எல்லோருக்குமாக ஒட்டுமொத்தச் சீட்டு எடுத்துவைத்துவிட்டுப் போனதுதான்.

எந்த வியாபாரத்துப் பணம் என்று தெரிந்ததும் அம்மா ஒரு கணம் மயிலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “இருக்கட்டும். சும்மா பாத்துட்டுப் போகக் கூடாது, உண்டியல் எங்கப்பா?” என்றார். ஒரு டாலர்த் தாளை நாலாக மடித்துப் போட்டதும் முகம் தெளிந்தது. மகனும் மருமகளும் கடையில் ஒரு வாத்து அஞ்சலட்டை வாங்கினார்கள். அப்பா ஒன்றும் வாங்கவில்லை. கணக்குத் தணிக்கை செய்துகொடுத்ததே அவர் செலுத்திய தீர்வை.

காத்திருப்போர் வகை

இவர்களைப் பற்றி எழுதும்போது நூலாசிரியனின் எழுத்தாணி சற்றுத் தயங்குகிறது.

மருத்துவமனை மேட்டில் இருப்பதால் இக்கூடத்துக்கு வேறெங்கும் காணாத ஒரு கூட்டம் வருகிறது. மனைவியை அறுவை அரங்குக்குள் அனுப்பிவிட்டு, ‘மூன்று மணி நேரம் ஆகும், நாங்களே கூப்பிடுகிறோம்’ என்று சொல்லப்பட்ட கணவர். தந்தையின் பரிசோதனை முடிவுக்காக நிற்கும் மகள். காத்திருக்கும் அறையின் தொலைக்காட்சியைத் தாங்கமுடியாமல் இரண்டு தெரு நடந்து இங்கே வந்தவர்கள். சட்டையில் ஒட்டிய பார்வையாளர் வில்லையை எடுக்க மறந்திருப்பார்கள். கையில் கைப்பேசி இருக்கும், ஆனால் அதைப் பார்க்கமாட்டார்கள். அது அதிர்கிறதா என்று மட்டும் உணர்ந்துகொண்டிருப்பார்கள்.

இவர்கள் அட்டை வாசிப்பதில்லை. காவலருக்காகத் தலை சாய்ப்பதில்லை. நடு இருக்கையில் உட்கார்ந்து எதிரே எது இருக்கிறதோ அதைப் பார்ப்பர். யாம் கண்டவரை ‘பாவ’த்தின் முன் இவர்கள் நிற்பதில்லை; மாடு, ஆடு, மரத்தடி, வாத்து இவற்றின்முன் நிற்பர். ஒருவர் வாத்துகளை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்து மறுபடி முதலிலிருந்து எண்ணினார். இது ஓவியம் காணல் ஆகுமா என்று ஒரு சாரார் வினவுவர். இறைச்சி வியாபாரி மாலையில் உட்கார்ந்து செய்ததும் ஏறக்குறைய இதுவாகத்தான் இருக்கும் என்பது எம் விடை.

இவ்வகையினர் என்ன தீர்வை செலுத்துகிறார்கள்? ஒன்றுமில்லை. கடன் உணர்ச்சியே இவர்களிடம் இல்லை. அதற்கு மனத்தில் இடம் வேண்டுமே. எம் வகைப்பாட்டு விதி இங்கே உடைகிறது, உடையட்டும். ஆனால் ஒன்று கவனித்தோம். சீட்டு என்று ஒன்று இருந்தால் இவர்களில் ஒருவர்கூட உள்ளே வந்திருக்கமாட்டார். ஐந்தாம் நிமிடம் அழைப்பு வந்தால் எழுந்து ஓட வேண்டியவர் எப்படி இருபது டாலர் கொடுத்து நுழைவார்? இவ்வளவு நேரம் இருப்பேன் என்று வாக்குக் கொடுக்க முடிந்தவருக்கே சீட்டு ஏற்றது. ஐந்து நிமிடத்துக்கு வருபவருக்கும், வந்ததை மறந்து எழுந்து போகிறவருக்கும் கதவைத் திறந்துவைக்க வாயிலில் காசு வாங்காமை ஒன்றே வழி.

இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவர் மறதிநோயுற்றோர். கூடத்தாரே அவர்களையும் உடனிருந்து பார்த்துக்கொள்வோரையும் அழைத்து ஓவியங்களின் முன் உட்காரவைத்துப் பேசவைக்கிறார்கள். யார் வரைந்தது, எந்த ஆண்டு என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. கண்ணெதிரே இப்போது என்ன தெரிகிறது என்பதே பேச்சு. அந்தக் கேள்விக்குப் பட்டயம் வாசிப்போர் திணறுவர் என்பதை முன்னமே கண்டோம்.

புறனடை

மேற்கூறிய விதிகள் எல்லா இறையிலிக் கூடங்களுக்கும் செல்லுமா எனின், ஒன்றுக்குச் செல்லாது. பாஸ்டன் வட்டாரத்தில் மோசமான கலைக்கான அருங்காட்சியகம் என்று ஒன்று உண்டு. குப்பையில் கண்டெடுத்த ஓர் ஓவியத்தில் தொடங்கியது. பூவெளியில் நிற்கும் மூதாட்டி, எப்படி நிற்கிறார் என்பதே விளங்காத ஓவியம். அதுமுதல், பார்க்காமல் கடந்துபோக முடியாத அளவுக்கு மோசமானதை மட்டும் ஆராய்ந்து சேர்க்கிறார்கள். வெறும் சுமாரான ஓவியம் அங்கே ஏற்கப்படாது. தர நிர்ணயம் கடுமை.

இங்கே பாவனையர் செயலிழந்து போவர். தலை சாய்த்தால் காவலர் சிரிப்பார் என்ற பயம். ‘இதை நானே வரைவேன்’ என்பவர் முதன்முறையாக உண்மை பேசுகிறார், ஆனால் அதில் அவருக்கு மகிழ்ச்சியில்லை. ‘ஐலீன்’ என்ற ஓவியம் 1996இல் திருடு போனது. மீட்டுத் தருவோருக்குக் கூடத்தார் அறிவித்த பரிசு ஆறரை டாலர். திருட்டுக்குப் பின் கேமரா ஒன்றை மாட்டி, இது போலிக் கேமரா என்று பக்கத்திலேயே எழுதியும் வைத்தார்கள். திருடர் எவ்வகையில் அடங்குவர் என்பதில் எமக்குள் கருத்து வேறுபாடு உண்டு. கடனைப் பெருக்கிக்கொண்டு போனவர் என்பர் ஒரு சாரார். அந்தக் கூடத்து ஓவியத்தை விரும்பித் தூக்கிப்போவதைவிடப் பெரிய பாராட்டுத் தீர்வை உண்டா என்பது எம் கட்சி.

இதைவிடச் சிக்கலான செய்தி ஒன்றும் உண்டு. அக்கூடம் நெடுங்காலம் இருந்த இடம் டெடம் என்னும் ஊரில் ஒரு திரையரங்கின் நிலவறை. அதிலும் ஆண்கள் கழிப்பறையின் வாயிலை ஒட்டியது. எல்லாச் சிறு கூடங்களிலும் கழிப்பறை நாடி வருவோர் என்று ஒரு வகை உண்டு. அவர்களை வேகத்தாலும், ஓவியங்களை ஓரக்கண்ணால் கடக்கும் முறையாலும், திரும்பி வருகையில் கடமைக்காக ஒன்றன்முன் நிற்பதாலும் பிறரிடமிருந்து பிரித்தறியலாம் என்று விதி வகுத்து வைத்திருந்தோம். டெடத்தில் கலைக்காக வந்தவரும் மற்றதற்காக வந்தவரும் ஒரே படியில் இறங்கி ஒரே நடையில் நடந்து ஒரே சுவரின்முன் நின்றனர். அவ்விதியை இவ்வியலிலிருந்து நீக்கிவிட்டோம்.